மூவாயிரம் ரூபாவுக்குப் புதிய காமிக்ஸ்: வன்னியில் இருந்து வாசிக்க நான்கு வழிகள்

போன மாதம் மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது, உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் ஒரு பெடியன் கிட்ட வந்தான்.

"அண்ணை, நீங்கள் கிழமைக்குக் கிழமை புதுசா வந்த காமிக்ஸைப் பற்றி எழுதிறனீங்கள். வாசிக்க ஆசையாத்தான் கிடக்கு. ஆனா எதை வாங்கிறது, எங்க எடுக்கிறது எண்டு ஒண்டும் விளங்கேல்லை. என்னட்டை மாசம் மூவாயிரம்தான் இருக்கு."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. "யோசிச்சுச் சொல்லுறன் தம்பி" என்று ஏறிவிட்டேன். இதே கேள்வியை ஒட்டுசுட்டான் பக்கம் படிப்பிக்கும் ஒரு ரீச்சரும் முன்பு கேட்டிருந்தா. அவவுக்கு வகுப்பில் ஒரு புத்தகத் தட்டு நிரப்ப வேண்டும். வவுனியாவில் இருக்கும் இன்னொருவருக்குத் தொடராகச் சேர்த்து வைக்க வேண்டும். மூன்று பேருக்கும் ஒரே பதில் பொருந்தாது. அதனால் நான் எப்படி அளந்து பார்க்கிறேன் என்பதை முதலில் எழுதுகிறேன்.

## எதை வைத்து அளப்பது

காசு என்றால் அட்டையில் அச்சடித்த விலை அல்ல, எங்கள் கையில் வந்து சேரும்போது ஆகிற விலை. வன்னியில் இந்த இரண்டுக்கும் இடையில் பெரிய வெளி இருக்கிறது. காத்திருப்பு என்றால் வெளியான நாளுக்கும் நாங்கள் வாசிக்கும் நாளுக்கும் உள்ள தூரம். மொழி என்றால் வீட்டில் எத்தனை பேர் அதை வாசிப்பார்கள் என்பது. தாங்குதல் என்றால் ஐந்து வருடம் கழித்தும் அது இருக்குமா என்பது. கறையானும் மாரி ஈரமும் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஐந்தாவது கேள்விக்குத்தான் நான் அதிக நிறை கொடுக்கிறேன். அது எத்தனை கை மாறும்?

இதற்குக் காரணம் இருக்கிறது. 1996இல் நாங்கள் இடம்பெயர்ந்து மல்லாவியில் ஒரு கொட்டிலில் இருந்தோம். பொருளாதாரத் தடைக் காலம். கரண்ட் இல்லை, பற்றறி இல்லை, மண்ணெண்ணெயை அளந்து அளந்து ஊற்றுவோம். யாரோ யாழ்ப்பாணத்தில் இருந்து மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த ஒரு இரும்புக்கை மாயாவி புத்தகம் எங்கள் ஒழுங்கையில் சுற்றியது. அட்டை இல்லை. கடைசி எட்டுப் பக்கமும் இல்லை. பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று ஒருவருக்கு ஒரு இரவு என்று வாங்கினோம். ஜாம் போத்தல் விளக்கின் சுவாலை சுண்டுவிரல் நகம் அளவு. புத்தகத்தை எட்டப் பிடித்தால் எழுத்துத் தெரியாது, கிட்டப் பிடித்தால் தாள் பொசுங்கும். கரண்டைத் தொட்டால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரிகிற ஒரு மனிதனின் கதையை, கரண்ட் என்பதையே மறந்துபோன ஊரில் இருந்து வாசித்தோம். முடிவு இல்லாததால் ஆளுக்கொரு முடிவு சொன்னோம். பல வருடம் கழித்து மறுபதிப்பில் உண்மையான முடிவைப் பார்த்தபோது, எங்களில் ஒருவனும் அதைச் சொல்லியிருக்கவில்லை என்று கண்டேன்.

ஒரு புத்தகம் பன்னிரண்டு பேருக்குப் போதுமாக இருந்தது. அந்தக் கணக்கு இன்றும் என் மனதில் இருக்கிறது.

## முதல் வழி: சிவகாசியில் இருந்து வரும் தமிழ் இதழ்கள்

முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியது, லயன் காமிக்ஸ் 1984இல். இரண்டும் சிவகாசியில் இருந்து இன்றைக்கும் வருகின்றன. இத்தாலியின் கௌபோய் டெக்ஸ் வில்லர், பெல்ஜியத்தின் சிரிப்புக் கௌபோய் லக்கி லூக் என்று ஐரோப்பியக் கதைகளே அதிகம்.

இதில் "புதுசு" என்ற சொல்லைக் கவனமாகப் பார்க்க வேண்டும். டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் பிறந்தவர். இந்த மாதம் தமிழில் வருகிற கதை அங்கே பல பத்து வருடங்களுக்கு முன் வந்ததாக இருக்கலாம். கிழமைச் சூட்டோடு உலகம் கதைப்பதை நாங்களும் கதைக்க வேண்டும் என்றால் இந்த வழி சரிவராது. ஆனால் அந்தக் கதை தமிழில் முதல் தடவையாக வருகிறது என்றால், என் அம்மாவுக்கும் பக்கத்து வீட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது புதுசுதான். என் கிழமைக் குறிப்பில் தமிழ் இதழையும் அமெரிக்க இதழையும் ஒரே தட்டில் வைப்பது இதனால்தான்.

வந்து சேரும் பாதை முன்னரை விட இலகுவாகிவிட்டது. 2022 டிசெம்பரில் சென்னை–பலாலி விமானம் திரும்பத் தொடங்கியது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினம்–காங்கேசன்துறை கப்பல் ஓடத் தொடங்கியது. யாராவது போய் வந்தால் ஐந்தாறு புத்தகம் வரும். யாழ்ப்பாணத்தில் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நடத்துநரிடம் சொன்னால், மாங்குளம் சந்தியில் நின்று வாங்கிக்கொள்ளலாம். இந்திய ரூபா ஒன்று எங்கள் மூன்றரை ரூபாவுக்குச் சற்று முன்பின். அட்டையில் 150 என்று இருந்தால் ஐந்நூற்றுச் சொச்சம். பத்துப் பேர் வாசித்தால் ஆளுக்கு ஐம்பது ரூபாதான்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், கொண்டுவருகிறவரின் பயணப் பொதியில் எங்கள் புத்தகம் ஒரு நிறை. அவர் சேலைக்கும் மருந்துக்கும் வைத்த இடத்தைத்தான் எங்களுக்குத் தருகிறார். ஒருமுறை ஒரு உறவினர் எட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து தந்துவிட்டு, "தம்பி, அடுத்தமுறை கேக்காதையடா, நான் நல்லெண்ணெய்ப் போத்தலை விட்டிட்டு வந்தனான்" என்றார். அதற்குப் பிறகு ஒரு ஆளிடம் மூன்றுக்கு மேல் சொல்வதில்லை. கேட்ட இதழ் விற்று முடிந்திருக்கவும் கூடும். தொடர்கதையின் இரண்டாம் பாகம் முதலில் வந்து, முதல் பாகத்துக்கு அடுத்த பயணி வரைக்கும் காத்திருந்த அனுபவமும் உண்டு.

வாசிப்பில் ஒரு சின்னக் குறை. தமிழ்ச் சொல் நீளமானது, இத்தாலியக்காரர் வரைந்த பேச்சுக் குமிழியோ சிறியது. சில பக்கங்களில் எழுத்துச் சுருங்கி, வயது போனவர்கள் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். பேச்சும் தமிழ்நாட்டுப் பேச்சு. இரண்டு மூன்று இதழில் அது பழகிவிடும்.

## இரண்டாம் வழி: அமெரிக்க இதழ்களைக் கிழமைக்குக் கிழமை வாங்குவது

அமெரிக்கக் கடைகளில் புதன்கிழமைதான் புது இதழ் நாள். அச்சுப் பிரதி எங்கள் பக்கம் வராது. போனிலோ டப்பிலோதான் வாங்க வேண்டும். ஒரு இதழில் கதை இருபது, இருபத்திரண்டு பக்கம். விலை பெரும்பாலும் 3.99 இலிருந்து 4.99 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் ஒரு இதழ் 1200 முதல் 1500 வரை. தம்பியின் மூவாயிரத்துக்கு இரண்டு இதழ் வரும். இரண்டையும் சேர்த்து அரை மணித்தியாலத்தில் வாசித்து முடித்துவிடலாம்.

அப்படியிருந்தும் நான் ஏன் வாங்குகிறேன்? சில நேரம் ஒரு இதழ் ஆளைப் பிடித்து உலுக்கிவிடுகிறது. 2024 ஒக்டோபரில் தொடங்கிய "அப்சலூட் பேட்மேன்" எனக்கு அப்படி இருந்தது. எழுதியவர் ஸ்கொட் ஸ்னைடர், வரைந்தவர் நிக் டிரகோட்டா. இந்தப் பேட்மேனுக்கு மாளிகை இல்லை, பரம்பரைச் சொத்து இல்லை. அப்பா பள்ளிக்கூட ஆசிரியர், செத்துப்போனார். அம்மா உயிரோடு இருக்கிறா. அவன் நகரத்தில் வேலை செய்யும் பொறியியலாளன், கதவு நிலை அளவுக்கு உடம்பு. நெஞ்சில் இருக்கும் வௌவால் சின்னத்தைக் கழற்றினால் அது கோடரித் தலை. அந்தக் கட்டத்தில் நான் நிறைய நேரம் நின்றேன். பணக்காரன் வாங்கிய கருவி அல்ல, தன் கையால் செய்த ஆயுதம். உடைந்த வீட்டின் தகரத்திலும் சைக்கிள் டைனமோவிலும் வாழ்க்கையைக் கட்டியெழுப்பிய ஊர்க்காரனுக்கு அந்த ஆள் அந்நியன் இல்லை. அந்தக் கிழமைக் குறிப்பை மூன்று தடவை அடித்துத் திருப்பி எழுதினேன்.

ஆனால் மறைந்த செலவு இந்த வழியில்தான் அதிகம். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்த வங்கி அட்டை வேண்டும், அதற்கு வங்கி தன் பங்கை அறவிடும். ஒரு தொடரை நம்பித் தொடங்கினால், நடுவில் கதை வேறு மூன்று தொடர்களுக்குள் பாயும். அவற்றையும் வாங்கினால்தான் விளங்கும். எல்லாவற்றிலும் பெரிய செலவு, வாங்கியது எங்கள் கையில் இல்லை என்பதுதான். கொமிக்ஸோலஜி என்ற ஆப்பில் உலகம் முழுக்க ஆட்கள் வருடக்கணக்காக வாங்கிச் சேர்த்தார்கள். 2023 டிசெம்பரில் அந்த ஆப்பையே மூடி, அமேசனின் மின்நூல் ஆப்பான கிண்டிலுக்குள் சேர்த்துவிட்டார்கள். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைக்கு அதைக் கொடுக்கவும் முடியாது. கொடுப்பதென்றால் போனையே கொடுக்க வேண்டும்.

இதற்குள் ஒரு கிளை வழி உண்டு. மார்வெல் அன்லிமிட்டெட் என்ற சந்தா மாதம் 9.99 டொலர், கிட்டத்தட்டத் தம்பியின் முழுக் காசும். புது இதழ் மூன்று மாதம் பிந்தித்தான் வரும். ஆனால் பழையது முப்பதாயிரத்துக்கு மேல் திறந்து கிடக்கும். மழை விடுமுறையில் ஒரு மாதம் மட்டும் எடுத்து, ஒரு பழைய தொடரை முழுக்க வாசித்து முடித்து நிறுத்திவிடுவது நல்ல யுக்தி. வருடம் முழுக்க வைத்திருந்தால் வாசிக்காத மாதத்துக்கும் காசு போகும்.

## மூன்றாம் வழி: தொகுப்பு வரும்வரை பொறுத்திருப்பது

ஐந்து, ஆறு இதழ்களைச் சேர்த்து ஒரு தடித்த புத்தகமாகப் போடுவார்கள். மேலே சொன்ன பேட்மேனின் முதல் ஆறு இதழ்களும் 2025இல் ஒரே தொகுப்பாக வந்தன. தனித்தனியாக 4.99 வீதம் வாங்கினால் ஆறு இதழுக்கு ஒன்பதாயிரம் ரூபா. தொகுப்பின் விலை வழமையாக அதைவிடக் குறைவு, அதோடு அது தாள். படம் இரண்டு பக்கமும் விரிந்து கிடக்கும். போனில் அதே படத்தை இரண்டு விரலால் இழுத்து இழுத்துத் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும்.

இங்கே செலவு தபாலில் ஒளிந்திருக்கிறது. தடித்த புத்தகத்தை ஒற்றையாக வரவழைத்தால் அனுப்பும் கூலி புத்தக விலையோடு போட்டிபோடும். மூன்று, நான்கு பேர் சேர்ந்து ஒரே பொதியாக எடுத்தால் தாங்கலாம். வெளிநாட்டில் இருந்து கோவில் திருவிழாவுக்கு வருகிற சொந்தக்காரர்களிடம் சொல்லி வைப்பதும் ஒரு வழி. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்த ஒருவர் எனக்கு இரண்டு தொகுப்புக் கொண்டுவந்தார்.

அடுத்தது, காத்திருக்கும் ஆறு, எட்டு மாதத்தில் முடிவை யாராவது சொல்லிவிடுவார்கள். விற்பனை போதாமல் தொடர் நின்றுவிட்டால் இரண்டாம் தொகுப்பு வராமலும் போகும்.

பாதுகாப்புக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். அலுமாரியைச் சுவரில் இருந்து நாலு விரல் தள்ளி வைத்திருக்கிறேன். கீழ்த்தட்டில் புத்தகம் வைப்பதில்லை. கார்த்திகை, மார்கழியில் எல்லாவற்றையும் பிஸ்கற் தகரப் பெட்டிக்குள் காய்ந்த வேப்பிலையோடு மாற்றிவிடுவேன். ஒரு வருடம் பஞ்சிப்பட்டேன். தை பிறந்து பார்த்தால் ஒரு தொகுப்பின் முதுகுப்பக்கம் முழுக்க மண்புற்று. தட்டியபோது ஒட்டு விட்டு நடுப்பக்கங்கள் மாவாகக் கொட்டின.

## நான்காம் வழி: ஞாயிறு இரவு எட்டரைக்கு மங்கா

மங்கா என்றால் ஜப்பானியக் காமிக்ஸ். ஜப்பானில் திங்கட்கிழமை பிறக்கும்போது எங்கள் மணிக்கூட்டில் ஞாயிறு இரவு 8.30. ஷுவெய்ஷா நிறுவனம் 2019இல் தொடங்கிய மங்கா பிளஸ் ஆப்பில், அந்த நிறுவனத்தின் கிழமை இதழில் வரும் புது அத்தியாயங்கள் அந்த நேரத்துக்குத்தான் திறக்கும். ஒவ்வொரு தொடரிலும் முதல் மூன்று அத்தியாயமும் கடைசியாக வந்த மூன்றும் காசில்லாமல் கிடக்கும். நடுவில் உள்ளவற்றுக்கு வேறு நிபந்தனை உண்டு. கடைசியில் இருந்து பிடித்து இப்போதே கூட நடக்கிறவருக்கு அது தேவைப்படாது.

டோக்கியோவில் இருப்பவனும் மாங்குளத்தில் இருப்பவனும் ஒரே இரவில் ஒரே பக்கத்தைப் பார்க்கிறார்கள். ஜாம் போத்தல் விளக்கில் வாசித்த எனக்கு இது இன்னும் பழகவில்லை. எட்டு இருபத்தைந்துக்கே சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிடுவேன்.

டேட்டா பெரிதாகப் போகாது. ஒரு அத்தியாயம் பெரும்பாலும் பதினைந்து முதல் இருபது பக்கம், கறுப்பு வெள்ளை. ஒரு ரீலோட்டில் மாதம் முழுக்க ஓடும்.

மறைந்த செலவு மொழி. ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழில் இல்லை. வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வருகிற ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை முதல்நாள் இடப்பக்கத்தில் இருந்து தொடங்கி, "மாமா, இவர் முதலே விழுந்து கிடக்கிறார், பிறகுதான் அடி வாங்கிறார்" என்று கேட்டாள். மேல் வலது மூலையில் விரலை வைத்துக் காட்டினேன். மூன்றாம் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். இப்போது தெரியாத சொல்லைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வருகிறாள்.

இன்னொன்று நீளம். எயிச்சிரோ ஓடாவின் "வன் பீஸ்" 1997இல் தொடங்கி இன்னும் ஓடுகிறது, ஆயிரத்து நூறு அத்தியாயம் தாண்டிவிட்டது. அதற்குள் இன்று நுழைவது பெரிய வேலை. அண்மையில் தொடங்கிய தொடர் ஒன்றை முதல் அத்தியாயத்தில் இருந்து பிடிப்பதே புத்தி. எந்தக் கதையைப் பிடித்தாலும் சில ஞாயிறுகளில் எட்டரைக்குத் திறந்தால் ஒன்றும் இருக்காது. ஓவியருக்கு ஓய்வு விடுவார்கள், புதுவருடத்துக்கும் விடுமுறை விடுவார்கள். ஓய்வு அவர்களுக்கு வேண்டியதுதான்.

கொரிய வெப்டூன்கள் பற்றியும் கேட்கிறார்கள். மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டு போவது, போனுக்கென்றே வரைந்தது, பலவும் இலவசம். பஸ் பயணத்துக்கு நல்லது. திருப்பி எடுத்து வாசிக்க வைத்தவை எனக்குக் குறைவு, அதனால் தனி வழியாக எடுக்கவில்லை. களவாக ஸ்கான் பண்ணி ஏற்றியவற்றையும் எடுக்கவில்லை. தமிழில் காமிக்ஸ் போடுவது சிறிய சந்தை. அதில் ஒரு பிரதி குறைவதும் பாரம்தான்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | தமிழ் இதழ் | அமெரிக்கத் தனி இதழ் | தொகுப்பு | மங்கா ஆப் |
|---|---|---|---|---|
| கையில் வந்த விலை | நடுத்தரம் | மிக அதிகம் | அதிகம், பங்கு போட்டால் தாங்கும் | டேட்டா மட்டும் |
| காத்திருப்பு | ஆள் வரும்வரை | இல்லை | ஆறு மாதத்துக்கு மேல் | இல்லை |
| மொழி | தமிழ் | ஆங்கிலம் | ஆங்கிலம் | ஆங்கிலம் |
| தாங்குதல் | கவனித்தால் பல வருடம் | ஆப் இருக்கும்வரை | கவனித்தால் பல வருடம் | ஆப் இருக்கும்வரை |
| கை மாறுதல் | பத்துப் பேருக்கு மேல் | மாறாது | மாறும் | ஆளுக்கொரு போனில் |

## யாருக்கு எது

ரீச்சருக்கு என் பதிலில் தயக்கமே இல்லை. தமிழ் இதழ்தான். முதலில் தனிக்கதைகளாக எடுக்க வேண்டும், தொடர்கதை வேண்டாம். பாகம் தொலைந்தால் தட்டில் கிடப்பது பாதிக் கதை. துப்பாக்கிச் சண்டை நிறைந்த கௌபோய்க் கதைகளை மேல் வகுப்புக்கு விட்டு, லக்கி லூக் மாதிரிச் சிரிப்புக் கதைகளைச் சின்னவர்களுக்கு வைக்கலாம். சனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும். அந்த நேரம் போகிறவர் ஒருவரைப் பிடித்தால் ஒரே இடத்தில் பார்த்து எடுக்கலாம். அட்டைக்கு மேல் தடித்த பிளாஸ்ரிக் உறை போட்டுக் கொடுக்கச் சொன்னேன். உறை போட்ட பிறகுதான் தட்டுக்குப் போக வேண்டும்.

வவுனியாக்காரர் சேர்த்து வைக்க ஆசைப்படுகிறவர், ஆங்கிலமும் ஓடும். அவருக்குத் தொகுப்பு. வருடத்தில் இரண்டு போதும். ஒரு தொடர் ஒரு வருடம் நின்று பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுக்கலாம். முடிவை யாரும் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாக இருக்கிறார். என் கிழமைக் குறிப்பில் அந்தத் தொடர் வரும் பத்திக்கு மேலே அவருக்காக ஒரு கோடு போடுகிறேன்.

அமெரிக்கத் தனி இதழை நான் பரிந்துரைப்பது ஒருவருக்கு மட்டும்தான். வந்த கிழமையே அதைப் பற்றி எழுதியோ கதைத்தோ ஆக வேண்டும் என்று இருப்பவருக்கு. மற்றவர்கள் முதல் இதழ் ஒன்றை மட்டும் வாங்கி ருசி பார்த்துவிட்டு, பிடித்தால் தொகுப்புக்குப் பெயரைக் குறித்து வைக்கலாம்.

தம்பியைப் போன கிழமை திரும்பச் சந்தித்தேன். மூவாயிரத்தை இப்படிப் பிரித்தோம். ஆயிரத்து ஐந்நூறுக்குத் தமிழ் இதழ் இரண்டு அல்லது மூன்று, வருகிற ஆளையும் பஸ் கூலியையும் பார்த்து. ஆயிரம் ரூபா தகரப் பேணிக்குள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கூட்டாளிகளோடு பங்குபோட்டு ஒரு தொகுப்புக்கு. மிச்சம் ஐந்நூறு ரீலோட்டுக்கு.

"அப்ப ஞாயிறு எட்டரைக்கு எதைத் துறக்கிறது, அண்ணை?"

பெயரை அவனுடைய போனிலேயே எழுதிக் கொடுத்தேன். புதிதாகத் தொடங்கிய தொடர், இப்போதுதான் நாலாம் அத்தியாயம். பிறகு என் பையில் இருந்து ஒரு டெக்ஸ் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். உறை போட்டது. உள் அட்டையில் இதுவரை வாசித்தவர்களின் முதலெழுத்துகள் பென்சிலில் இருக்கின்றன, ஏழு. எட்டாவதாகத் தன் எழுத்தைப் போட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினான்.